ரோமாபுரி ராணிக்கு வைத்த பொட்டு

படங்களுக்குச் சட்டம் அடிக்கும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். மூலையை எப்படி அறுப்பது, கண்ணாடியை எப்படி வெட்டுவது என்றெல்லாம் நான் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. ஆறு மாதத்தில் அதை உங்கள் கை கற்றுக்கொள்ளும். கை கற்காவிட்டால் முதலாளியின் வாய் கற்றுக்கொடுக்கும். நான் சொல்ல வந்தது என்னுடைய முட்டாள்தனம் ஒன்றை. வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகு என் மனைவி என்னைச் சுத்தியலைத் தொட விடுவதில்லை. அதனால் பேனாவைத் தொட்டிருக்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் ரங்கூனில், பபேடான் என்ற பேட்டையில் இருந்த ஒரு சட்டக்கடையில் வேலை பார்த்தேன். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. முதலாளி ஒரு ராவுத்தர். கண்ணாடி வெட்ட முனியாண்டி, மரவேலைக்கும் கடைசி மெருகுக்கும் நான். கடைக்கு வருவதில் பாதி சாமிப் படங்கள், மீதி காலமானவர்களின் போட்டோக்கள். துறைமுகத்திலும் ரயில்வேயிலும் வேலை பார்க்கும் நம் ஆட்கள்தான் பெரும்பாலும் கொண்டுவருவார்கள்.

அதனால் எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. கண்ணாடியை மூடுவதற்கு முன் படத்தில் இருப்பவருக்குப் பொட்டு வைத்துவிடுவோம். சாமிக்குச் சந்தனமும் குங்குமமும். இறந்துபோன ஆண்களுக்குச் சந்தனம் மட்டும். சுமங்கலியாகப் போனவர்களுக்குக் குங்குமம். கணவனை இழந்த பெண் என்றால் நெற்றியில் கை வைப்பதில்லை, சட்டத்தின் மூலையில் ஒரு பூவை ஒட்டிவிடுவோம். உள்ளே வைத்துக் கண்ணாடி போட்டுவிட்டால் பொட்டு வருஷக்கணக்கில் அழியாது. உதிராமல் இருக்க நல்லெண்ணெயில் குழைத்து வைப்போம். ராவுத்தர் அதைத் தொடமாட்டார், ஆனால் குங்குமம் தீர்ந்துபோனால் எங்களுக்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். "ஆளு யாருன்னு பார்த்து வைங்கப்பா. துரைமாருக்கு வேணாம். பர்மாக்காரங்க, சீனாக்காரங்கன்னா கேட்டுக்கங்க" என்பதுதான் அவர் போட்ட ஒரே சட்டம். பொட்டு வைக்கும் பொறுப்பு என்னுடையது. என் கை நடுங்காது என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

ஒருநாள் நான் மரம் வாங்கப் போயிருந்த நேரத்தில் ஒரு படம் வந்தது. நாலடி அகலம், மூன்றடி உயரம். துணியில் தீட்டிய எண்ணெய் வண்ணப் படம். பின்பக்கம் ராவுத்தர் சாக்கட்டியால் பெயர், பேட்டை, நேரம் மட்டும், 'ஞானம், போட்டாதாங், நாளைக் காலை எட்டு மணி' என்று எழுதியிருந்தார். நான் சட்டத்தை முடித்தபோது அவர் மதியத் தொழுகைக்குப் போயிருந்தார். படத்தை அதில் பொருத்தி, சுவரில் சாய்த்து நின்று பார்த்தேன்.

வலது பக்கம் ஒரு ராஜா உயரமான ஆசனத்தில் இருந்தார். பக்கத்தில் ராணி, ஆசனத்தின் மேல் கையை ஊன்றிக்கொண்டு. ராஜாவின் மடியில் இன்னொரு பெண் தலை சாய்ந்து கிடந்தாள். எதிரே ஒல்லியாக ஒருவர், கையில் ஏதோ சுருட்டிய ஏடு. ராஜாவுக்கு மேல்சட்டை இல்லை. வேட்டியை அப்படியே சுற்றி ஒரு தோளில் போட்டிருந்தார். காலில் வார்ச்செருப்பு. துரைமார் என்றால் தொப்பியும் பூட்ஸும் வேண்டாமா? நிறம் கொஞ்சம் வெளுப்புதான், ஆனால் அந்தக் காலத்தில் காலண்டரில் வந்த நம் ராஜாக்களும் வெளுப்பாகத்தான் இருந்தார்கள். கொண்டுவந்தவர் பெயர் ஞானம். எந்தப் புராணம் என்று தெரியவில்லையே தவிர, நம் ஆள்தான் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் வரவில்லை.

ராஜாவுக்குச் சந்தனம் வைத்து நடுவில் குங்குமம் வைத்தேன். ராணிக்கு நல்ல வட்டமாக, கொஞ்சம் பெரிதாகவே வைத்தேன். ஏடு வைத்திருந்தவருக்குச் சந்தனக் கீற்று. மயங்கிக் கிடந்தவளுக்கு மட்டும் வைக்கவில்லை.

கண்ணாடியைத் தூக்கும் நேரத்தில் ராவுத்தர் வந்தார். படத்தைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார்.

"சுப்பையா, என்ன காரியம்பா பண்ணி வச்சிருக்கே?"

"ஏன் மொதலாளி, நல்லாத்தானே இருக்கு."

"படம் கொண்டாந்த ஞானம் கிறிஸ்தவப் புள்ளப்பா. மிஷன் பொம்பளப் பள்ளிக்கூடத்துல படம் வரையச் சொல்லித் தர்ற டீச்சரு. நாளைக்குப் பத்து மணிக்கு அங்கே ஹாலுல இதை மாட்டணும். இவரு ரோமாபுரி ராசா."

"ரோமாபுரியா? அப்ப பூட்ஸு எங்கே?" என்று கேட்டேன். எனக்கு இன்னும் விளங்கவில்லை.

விளங்கியதும் நான் செய்ததுதான் பெரிய தப்பு. பொட்டு வைத்தது அறியாமை. அதை மன்னிக்கலாம். ஆனால் பதறிப்போய் ஈரத் துணியை எடுத்து ராணியின் நெற்றியைத் துடைத்தேனே, அதற்கு மன்னிப்பே கிடையாது. சந்தனம் வந்துவிட்டது. குங்குமம் வரவில்லை, பரவியது. வட்டமாக இருந்தது பட்டையானது. ராணி கடுங்காய்ச்சலில் பற்றுப் போட்டுக்கொண்டு நிற்பவள் போல் ஆகிவிட்டாள். முனியாண்டி மண்ணெண்ணெய்ப் புட்டியோடு ஓடிவந்தான். நானும் கையை நீட்டினேன். ராவுத்தர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"தப்புப் பண்ணுன கை கொஞ்ச நேரம் சும்மா இருக்கட்டும்" என்றார்.

தம்பிகளே, இதை எழுதி ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். பொருள் பாழாவது முதல் தப்பில் அல்ல. யாரும் பார்ப்பதற்குள் சரிசெய்துவிடலாம் என்று அதன் மேல் செய்யும் இரண்டாவது தப்பில்தான் பாழாகிறது. அன்று மண்ணெண்ணெய் பட்டிருந்தால் ராணிக்கு முகமே இருந்திருக்காது.

முனியாண்டி மெதுவாக என் காதில், "வரும்போதே அப்படித்தான் இருந்துச்சுன்னு சொல்லிடேன்டா" என்றான். ராவுத்தர் அதைக் கேட்டும் கேளாதவர் போல் இருந்தார்.

"நீயே போய்ச் சொல்லிட்டு வா" என்றார் என்னிடம். "நான் போனா அந்தப் புள்ள மரியாதைக்கு அழுகையை அடக்கிக்கிடும். நீ போனா நாலு வார்த்தை திட்டும், மனசு லேசாகும். போ."

டிராமில் ஏறி உட்கார்ந்தேன். உள்ளதைச் சொல்கிறேன், முனியாண்டி சொன்ன பொய்யை வழி நெடுக ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். 'வரும்போதே லேசா ஒரு கறை இருந்துச்சும்மா, நாங்க கவனிச்சுச் சொல்றதுக்குள்ள' என்று ஆரம்பிக்கலாமா, வேறு மாதிரி ஆரம்பிக்கலாமா என்று யோசித்தேன். போட்டாதாங்கில் இறங்கி வழி கேட்டேன். ஆசிரியை என்பதற்குப் பர்மியர் ஸயாமா என்பார்கள். "ஸயாமா ஞானம் வீடா?" என்று ஒரு பர்மியக் கிழவி கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிக்கொண்டுபோய் விட்டாள்.

கதவைத் திறந்தது டீச்சரம்மாவின் தாயார். முன்னறையில் ஒரு பக்கச் சுவர் ஓரம் தரையெல்லாம் வண்ணச் சொட்டுகள். "எட்டு மாசமா இந்த அறையில உக்கார இடமில்ல தம்பி. வர்றவங்களையெல்லாம் அடுப்பங்கரையிலதான் உக்கார வச்சேன்" என்றார் அந்த அம்மாள், பெருமையாக. டீச்சரம்மா உள்ளே மறுநாளைக்கு உடுத்தவேண்டிய புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். என்னைவிட ஒன்றிரண்டு வயது இளையவராக இருப்பார். நான் கடையிலிருந்து வருகிறேன் என்றதும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

அந்தச் சொட்டுகளைப் பார்த்த பிறகு ஒத்திகை பார்த்தது ஒன்றும் வாயில் வரவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டேன். தாயார் தலையில் கை வைத்துக்கொண்டு ஒரு டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார்.

"நாளைக்குப் பள்ளிக்கூடக் கமிட்டி வருது தம்பி. இவ ரெண்டு வருஷமா டெம்பரவரி. சீமையிலேருந்து ஒரு மிஸ்ஸி டீச்சரை வரவழைக்கலாமான்னு பேசிக்கிட்டு இருக்காங்க. 'கை நல்லாத்தான் இருக்கு, ஆனா முகத்துல உணர்ச்சி கொண்டுவர இவளுக்குத் தெரியுமா'ன்னு பெரிய டீச்சர் எழுதியே குடுத்துட்டாங்க. அதுக்குத்தான் இந்தப் படமே. இந்த வேலை போச்சுன்னா எங்களுக்குத் தூத்துக்குடிக் கப்பல்தான். இவ பிறந்ததுலேருந்து அந்த ஊரைப் பார்த்தது கிடையாது."

என் கர்வம் பிடித்த கையை வெட்டிப் போட்டுவிடலாமா என்று இருந்தது. டீச்சரம்மா திட்டவில்லை. புடவையை மடித்து வைத்தார். பிறகு, "யார் யாருக்கு வச்சீங்க?" என்று கேட்டார்.

"ராஜாவுக்கு, ராணிக்கு, ஏடு வாசிக்கிறவருக்கு."

"மயங்கிக் கிடக்கிறவங்களுக்கு?"

"அவங்களுக்கு வைக்கலம்மா."

"ஏன்?"

"வைக்க மனசு வரல. ஏதோ சாவுச் சேதியை வாசிக்கிறாங்க, அதுல இவங்க ஆளு பேரு வந்திருச்சு. இப்பத்தான் அடிபட்டவங்க நெத்தியில போய் எப்படி..."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "உங்களுக்கு யாராவது இந்தக் கதையைச் சொன்னாங்களா?" என்றார். யாரும் சொல்லவில்லை, படத்தில் பார்த்ததைச் சொல்கிறேன் என்றேன். அவர் உள்ளே போய் வண்ணப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். "வாங்கண்ணே, போகலாம்" என்றார்.

டிராமில்தான் எனக்குக் கதை தெரிந்தது. ஏடு வைத்திருப்பவர் ஒரு புலவர். தாம் பாடிய காவியத்தை ராஜாவுக்கும் ராஜ குடும்பத்துக்கும் வாசித்துக்காட்ட வந்திருக்கிறார். மடியில் கிடப்பவள் ராஜாவின் தங்கை. அவளுடைய மகன் சின்ன வயதிலேயே இறந்துவிட்டான். புலவர் வாசித்துக்கொண்டே வந்தபோது அந்தப் பிள்ளையின் பெயர் வருகிறது. அந்த இடத்தில் அவள் மயங்கி விழுகிறாள். சீமையில் பெரிய பெரிய ஓவியர்கள் இதைத் தீட்டியிருக்கிறார்களாம். டீச்சரம்மாவுக்குக் கிடைத்தது ஒரு புத்தகத்தில் இருந்த கறுப்பு வெள்ளை அச்சுப் படம். அதைப் பார்த்து வரைந்தார். வண்ணங்களெல்லாம் அவருடைய சொந்த யோசனை.

கடைக்கு வந்து ராணியைப் பார்த்ததும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீரும் இருந்தது. "பாவம், ராணியம்மாவுக்குச் சுகமில்ல போலிருக்கு" என்றார். புதிதாகச் சுட்ட ரொட்டி கேட்டார். முனியாண்டி ஓடிப்போய் வாங்கிவந்தான். ரொட்டியின் உள்சதையை உருட்டி உருட்டிக் கறையின் மேல் ஒற்றி எடுத்தார். ஒற்ற ஒற்ற ரொட்டி சிவந்தது. ராஜா பிழைத்துக்கொண்டார். ராணியின் நெற்றியில் மட்டும் ஒரு செம்மை போகவில்லை. டீச்சரம்மா கொஞ்சம் எட்டி நின்று பார்த்தார். பிறகு மெல்லிய தூரிகையால் அவள் நெற்றியைச் சுற்றி ஒரு பொன் பட்டம் தீட்டிவிட்டார். முன்னைவிட அவள் ராணியாகத் தெரிந்தாள். ராவுத்தர் பக்கத்துக் கடையிலிருந்து மொய்ங்கா, அதாவது மீன்குழம்பில் போட்ட அரிசிச் சேமியா, நாலு கிண்ணம் வரவழைத்தார். பொழுது சாய்வதற்குள் எல்லாரும் உட்கார்ந்து உறிஞ்சிச் சாப்பிட்டோம்.

எண்ணெய் வண்ணம் ஓர் இரவில் காயாது. கண்ணாடி போட முடியாது. மறுநாள் காலை நானும் முனியாண்டியும் படத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, லத்தா சந்தை வழியாகத் தெருவில் நடந்தே கொண்டுபோனோம். வாத்துக் கூடைக்காரன் ஒருவன், சோம்பல் முறித்துக்கொண்டே வந்த ஒரு சீனர், ஆள் இழுக்கும் ஒரு லாஞ்சா வண்டி, இத்தனைக்கும் நடுவில் ராணியின் நெற்றியை யார் முழங்கையும் தொடாமல் காப்பாற்றியது என் வாழ்நாள் சாதனைகளில் ஒன்று.

ஹாலில் படத்தை மாட்டிவிட்டு ஓரமாக நின்றோம். கமிட்டி வந்தது. பெரிய டீச்சர் என்கிற வெள்ளைக்கார அம்மாள் வெள்ளைக் கையுறை போட்டிருந்தார். நேராகப் படத்திடம் வந்து, நாங்கள் தடுப்பதற்குள், பொன் பட்டத்தை விரலால் தொட்டுவிட்டார். கையுறையில் பொன் ஒட்டிக்கொண்டது. முகம் மாறிவிட்டது. ஏதோ கேட்டார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் 'இது ஏன் ஈரமாக இருக்கிறது, நேற்று யார் கைவைத்தது' என்று கேட்கிறார் என்பது புரியாமல் இருக்குமா? டீச்சரம்மா பதில் சொன்னார். அந்தப் பதில் அந்த அம்மாளுக்குப் போதவில்லை என்பதும் தெரிந்தது. வேறு யாரோ ஆளை வைத்துத் தீட்டியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படுகிறார்.

அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றால் என் மேல் ஒரு பழியும் வராது. முன்னே போனேன். "அம்மா, தப்பு என்னுது. நான்தான் ராணிக்குக் குங்குமம் வச்சு, அதைத் துடைச்சும் கெடுத்தேன். அதை மறைக்கத்தான் டீச்சரம்மா பட்டம் தீட்டினாங்க. படம் முழுக்க அவங்க கைதான்" என்றேன். டீச்சரம்மா அதை இங்கிலீஷில் சொன்னார்.

கமிட்டியில் ஒரு கிழட்டுப் பாதிரியார் இருந்தார். அவர் சிரித்தார். "பிள்ளாய், அவர் மொழிந்தது அதுவன்று" என்றார், சுத்தத் தமிழில். திருநெல்வேலிப் பக்கத்தில் வெகுகாலம் இருந்தவராம். டீச்சரம்மா என் பெயரைச் சொல்லாமல், கடையில் ஏதோ கறை பட்டுவிட்டது என்று மட்டும் சொல்லியிருக்கிறார். என்னைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறார். பாதிரியார் உள்ளபடி எடுத்துச் சொன்னார். பெரிய டீச்சர் கையுறையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஐயா, இப்படத்தில் நிகழ்வது யாது என்று தாங்கள் கருதுகிறீர்கள்?" என்று பாதிரியார் என்னைக் கேட்டார்.

"நேத்துக் காலையில எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க, கதையைப் பொறகு டீச்சரம்மாதான் சொன்னாங்க. ஆனா படத்துல கண்ணுக்குத் தெரியுறதைச் சொல்றேன். வாசிக்கிறவரு கண்ணு ஏட்டுல இல்ல, அந்தம்மா மேல இருக்கு. ஐயோ, இப்படி ஆயிருச்சேன்னு பயந்துட்டாரு. ராஜா கையைத் தூக்கிப் போதும் போதும்ங்கிறாரு. விழுந்தவங்க பெத்த வயிறு பதறி விழுந்திருக்காங்க. ராணிதான் எனக்குப் பிடிபடல. எல்லாரும் விழுந்தவங்களைப் பார்க்கிறாங்க, இவங்க மட்டும் ராஜா மொகத்தைப் பார்க்கிறாங்க. ஏதோ மனசுல வச்சிருக்காங்க."

பாதிரியார் புருவத்தை உயர்த்தினார். பெரிய டீச்சரிடம் நெடுநேரம் ஏதோ சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, அந்தப் பிள்ளையின் மரணத்தில் அரசிக்குப் பங்கு உண்டென்று அக்காலத்திலேயே ஒரு வதந்தி இருந்தது என்றார்.

"அது தெரிஞ்சிருந்தா அவங்களுக்குப் பொட்டே வச்சிருக்க மாட்டேங்க" என்றேன்.

பாதிரியார் சிரித்த சிரிப்புக்குப் பெரிய டீச்சர் அர்த்தம் கேட்டார். அவர் சொன்னார். அந்த அம்மாளும் சிரித்துவிட்டார். சிரித்து முடித்து, படத்தின் முன் போய் வெகுநேரம் நின்றார். அந்த ராணியின் கண்களைத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன். இரண்டு வாரம் கழித்து டீச்சரம்மாவின் தாயார் ஒரு தட்டு நிறைய ஜிலேபியோடு கடைக்கு வந்தார். வேலை நிரந்தரமாகிவிட்டது. சீமையிலிருந்து யாரும் வரவில்லை. அன்று எனக்கு என் வேலையே நிரந்தரமானதுபோல் இருந்தது.

வேலை கெட்டுப்போகும் நாள் உங்களுக்கும் வரும். அன்று கையைக் கட்டிக்கொள்ளுங்கள், பொருளுக்குச் சொந்தக்காரரிடம் போய்ச் சொல்லுங்கள். சொல்வதற்கு முன்னால் பொய் ஒன்று மனதில் வந்து உட்கார்ந்தால் வெட்கப்படாதீர்கள், எனக்கும் வந்தது. இன்னொன்றும் உண்டு. படத்தை அளப்பதற்கு முன்னால் அதைப் பாருங்கள். நம் தொழிலில் பலர் நாலு ஓரத்தை மட்டும் பார்த்தே காலத்தை ஓட்டிவிடுகிறார்கள்.

அதற்குப் பிறகு டீச்சரம்மா ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினார். வருஷா வருஷம் பரீட்சை முடிந்ததும் தேர்ந்த படங்களை மாணவிகளே எங்கள் கடைக்குக் கொண்டுவரவேண்டும். படம் என்ன என்று வாயைத் திறக்கக்கூடாது. நான் பார்த்து, அதில் என்ன நடக்கிறது என்று சொல்லவேண்டும். நான் சொன்னது பெண் நினைத்ததோடு ஒத்துப்போனால் சட்டம், இல்லாவிட்டால் திரும்பப் போய் வரையவேண்டும். மூன்றாம் வகுப்பைத் தாண்டாத நான் ஒரு மிஷன் பள்ளியில் சித்திரப் பரீட்சைக்கு மார்க் போட்டேன். முனியாண்டிக்கு அதில் கடைசி வரை பொறாமைதான்.

ஒரு வருஷம் ஒரு பெண் ஒரு படம் கொண்டுவந்தாள். படகுத்துறையில் ஒருவர் தகரப் பெட்டியோடு நிற்கிறார். பின்னால் கப்பல். "ஊருக்குக் கப்பல் ஏறப் போறாரு" என்றேன். தப்பு என்றாள். பரீட்சைக்காரனிடமே சண்டைக்கு வருகிறாளே என்று எனக்குக் கோபம். "ஏறப் போறவரு இப்படித்தான் தலையைத் தொங்கப்போட்டு நிப்பாரு, போய் மாத்தி வரைஞ்சுட்டு வா" என்றேன். அவள் நகரவில்லை.

"மறுபடி பாருங்க" என்றாள். "கப்பலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறாரு. இப்பத்தான் வந்து இறங்கியிருக்காரு. கூட்டிட்டுப் போக யாரும் வரல. இது எங்கப்பா."

மறுபடி பார்த்தேன். அவருடைய கால்கள் ஊர்ப்பக்கம் திரும்பியிருந்தன. ஒரு காலை மட்டும் அரை அடி முன்னால் எடுத்து வைத்திருந்தார். படத்தை அங்கேயே வாங்கிவைத்துக்கொண்டு, டீச்சரம்மாவுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தனுப்பினேன்: 'இந்தப் பெண்ணுக்கு முழு மார்க். எனக்குத்தான் இந்த வருஷம் பெயில்.'